மிர்டிடிங்கியில் பிறந்தவர்

ங என்ற எழுத்தை நடத்துவதுபோல் தர்மசங்கடம் தமிழ் ஆசிரியருக்கு வேறில்லை. பிரிஸ்பேனில் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். க-வுக்குக் கண் இருக்கிறது, ச-வுக்குச் சக்கரம் இருக்கிறது. ங-வுக்கு வந்ததும் பாடநூல் ஒரு சங்கைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறது. "சங்கு ச-வில்தானே தொடங்குகிறது?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்காமல் விடுவதில்லை. ஔவையாரே அந்த எழுத்துக்கு ஒரு சொல் கிடைக்காமல் 'ஙப்போல் வளை' என்று உருவத்தைக் காட்டிச் சமாளித்திருக்கிறார். நான் எம்மாத்திரம்?

சில வருடங்களாக எனக்கு அந்தக் கவலை இல்லை. என்னிடம் ஒரு பாட்டியின் பெயர் இருக்கிறது. மிர்டிடிங்கிஙதி ஜுவர்ண்டா. மிர்டிடிங்கி என்பது ஒரு சிற்றோடை. அதனோடு 'ஙதி' சேர்ந்தால் அங்கே பிறந்தவர் என்று பொருள். ஜுவர்ண்டா என்றால் டால்பின். நம் கடற்கரைக்காரர்கள் ஓங்கில் என்பார்களே, அது. அவருடைய குலக்குறி. அவர் மொழியில் 'நான்' என்பதற்குச் சொல் 'ஙட'. நம் ங-வுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் என்ன கிடைத்துவிடப் போகிறது!

வெளியுலகம் அவரைச் சாலி கபோரி என்று அழைத்தது. 'சாலி' வெள்ளையர் வைத்த பெயர். 'கபோரி' அவருடைய கணவரின் நீண்ட பெயர் ஆங்கில வாயில் சிக்கித் தேய்ந்து மிஞ்சியது. பிறந்தது 1924 வாக்கில். தூரிகையை முதன்முதலில் கையில் எடுத்தது 2005இல், எண்பது வயதுக்கு மேல். 2015 பிப்ரவரியில் இறந்தபோது 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அவர் பெயரில் இருந்தன.

நான் அவரைக் கண்டுகொண்டது 2016இல். பிரிஸ்பேன் ஆற்றின் தென்கரையில் இருக்கும் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்திருந்தார்கள். கலை ஆர்வத்தில் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பக்கத்து நூலகத்துக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கினேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க இளஞ்சிவப்பு. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பந்தலுக்குக் கட்டும் துணியின் இளஞ்சிவப்பு. அதன் நடுவே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. ஓரத்தில் கறுப்பாய் ஒரு திட்டு. பழங்குடி ஓவியம் என்றால் காவியும் மண்நிறமும் புள்ளிபுள்ளியாக வட்டங்களும் இருக்கும் என்ற எண்ணத்தோடு இருந்த எனக்கு, தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். காவலர் 'போதும்' என்பதுபோல் செருமும் தூரம் வரை போனேன். வெள்ளையை அவர் காய்ந்த நிறத்தின் மேல் பூசவில்லை. அடியில் இருக்கும் சிவப்பு ஈரமாக இருக்கும்போதே அகலமான தூரிகையால் வெள்ளையை இழுத்திருக்கிறார். தூரிகை போன வழியெல்லாம் சிவப்பு அதில் ஏறிக்கொண்டு, தொடங்கிய இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது முடிகிற இடத்தில் ரோஜா நிறமாகிவிட்டது. கோலமாவும் செம்மண்ணும் ஈரத்தில் கலந்தால் ஓரம் இப்படித்தான் கரையும். ஒவ்வோர் இழுப்பும் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போனது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். வரைந்தவருக்கு அவசரம் இருந்திருக்கிறது, தயக்கம் இருந்திருக்கவில்லை.

பக்கத்தில் இருந்த விளக்க அட்டையில் தலைப்பு 'திபிர்திபி நாடு' என்று இருந்தது. அடுத்ததும் 'திபிர்திபி நாடு'. அதற்கடுத்தது 'துந்தி'. பிறகு 'மிர்டிடிங்கி', 'ஞிஞில்கி', 'மகார்கி', மறுபடியும் 'திபிர்திபி நாடு'. கூடம் முழுக்கத் தேடியும் 'மாலை', 'ஏக்கம்', 'இசைவு' என்கிற மாதிரி ஒரு தலைப்புகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் ஊர்ப் பெயர்கள். ஒரே பெயரில் நாலைந்து படங்கள், ஒவ்வொன்றும் வேறு நிறத்தில்.

ஆங்கிலத்தில் அவர்கள் 'கன்ட்ரி' என்று எழுதுவதை நான் 'நாடு' என்று எழுதுவதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அந்தச் சொல்லால் குறிப்பது கொடியும் கடவுச்சீட்டும் உள்ள தேசத்தை அல்ல. தன் மூதாதையர் நடந்து, மீன் பிடித்து, இறந்து புதைந்த நிலத்தையும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரையும். நம் பழைய 'நாடு' அப்படித்தான் இருந்தது. ஒரத்தநாடு, வருசநாடு என்று இன்னும் மிச்சமிருக்கிறது. ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தீராத ஒன்று தமிழில் தானாக உட்கார்ந்துகொள்கிறது.

அந்த ஊர்களெல்லாம் ஒரே தீவில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்பென்டேரியா வளைகுடாவின் தென்கோடியில் பென்டிங்க் தீவு. 1802இல் அந்தப் பக்கம் கப்பலில் வந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸின் வரைபடம் கொடுத்த பெயர் அது. யார் அந்த பென்டிங்க்? நம் சென்னையில் கவர்னராக இருந்த வில்லியம் பென்டிங்க்தான், 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பிறகு பதவியை இழந்தாரே, அவரேதான். தீவுக்கூட்டத்துக்கு வெல்லெஸ்லி என்று பெயர். அவர் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். தீவின் ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரையே பிள்ளைகளுக்கும் வைத்து வாழ்ந்த ஒரு ஜனம் கரையில் நின்றுகொண்டிருக்க, கோட்டையிலும் கல்கத்தாவிலும் இருந்த இரண்டு பிரபுக்களின் பெயர் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த ஜனம் கையாடில்ட். ஆஸ்திரேலியக் கடற்கரைப் பழங்குடிகளில் வெள்ளையரோடு கடைசியாகப் பழக நேர்ந்தவர்கள் என்று இவர்களைச் சொல்வதுண்டு. பழக நேர்ந்தது என்பது மென்மையான சொல். 1918 வாக்கில் மெக்கென்சி என்ற ஒருவர் தீவில் ஆடு மேய்க்க வந்து, குதிரையில் ஏறி இவர்களை விரட்டிச் சுட்டார். குறைந்தது 11 பேர் செத்தார்கள். எழுத்தில் ஏற அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது. அதுவரை வாய்வழியாகவே இருந்தது. சாலி பிறந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

தீவில் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் கல்வேலிகள். ஙுருவார என்பார்கள். இதுவும் ங-வில் தொடங்குகிறது, கவனிக்கவும். கரையோர ஆழமற்ற நீரில் கற்களை அடுக்கி, கரையிலிருந்து வளைந்து கடலுக்குள் போய் மறுபடி கரைக்கே திரும்பும் பிறைபோன்ற தாழ்ந்த சுவர். ஓதம் ஏறும்போது நீர் சுவரை மூடிவிடும், மீன் உள்ளே வந்து மேயும். ஓதம் வற்றும்போது சுவர் தலைகாட்டும். நீர் கல்லிடுக்கில் வடிந்து போகும், மீன் போகாது. எந்நேரத்தில் இறங்க வேண்டும், எந்தக் கல் சரிந்திருக்கிறது, எந்த மூலையில் எந்த மீன் ஒதுங்கும் என்று தெரிந்திருந்தால் போதும். அலை தினமும் கல்லைச் சரிக்கும், தினமும் எடுத்து அடுக்க வேண்டும். சாலி இளம்பெண்ணாக இருந்தபோது செய்த வேலைகளில் இது ஒன்று. மரப்பட்டையைத் திரித்துக் கயிறாக்கிப் பை பின்னுவது இன்னொன்று. அதில் அவர் கைதேர்ந்தவர்.

1940களில் மழை பொய்த்தது. தண்ணீருக்கும் உணவுக்கும் தீவுக்குள்ளேயே சண்டை மூண்டது, ஆட்கள் குறைந்தார்கள். 1948 பிப்ரவரியில் புயலோடு கடல் பொங்கித் தாழ்நிலத்துக்குள் புகுந்து நன்னீர் ஊற்றுகளில் உப்பேறியது. மிஞ்சியிருந்தவர்கள் 63 பேர். பிரெஸ்பிட்டேரியன் மிஷன் அவர்களைப் பக்கத்திலிருந்த மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனது. அது லார்டில் மக்களின் மண். அடுத்தவர் வீட்டுத் திண்ணை. கையாடில்ட் மக்கள் கடற்கரையில், தங்கள் தீவு இருக்கும் திசையைப் பார்த்தபடி குடிசை போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பிரித்து மிஷன் விடுதியில் வைத்தார்கள். அங்கே தாய்மொழி பேசத் தடை. குடிபெயர்ந்த பின் சில ஆண்டுகளுக்குப் பிறந்த குழந்தை ஒன்றும் தங்கவில்லை.

சாலிக்கு அப்போது இருபத்து நாலு வயது இருக்கும். பிறகு பதினோரு பிள்ளைகளைப் பெற்றார். 1980களில் தாய்த்தீவின் ஞிஞில்கியில் ஒரு சிறு குடியிருப்பு மறுபடி உருவானது, போய்வரவும் சிலகாலம் தங்கவும் முடிந்தது. ஆனாலும் வாழ்க்கையின் பெரும்பகுதி மார்னிங்டனிலேயே கழிந்தது.

2005. மார்னிங்டனின் குனுனா ஊரில் இருந்த கலைக்கூடத்தில் வயதானவர்களுக்கு ஒரு ஓவியப் பட்டறை. பை பின்னுகிற பாட்டியாகத்தான் சாலியை அங்கே அறிவார்கள். யாரோ துணியையும் வண்ணங்களையும் முன்னால் வைத்தார்கள்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். 'தானே கற்றுக்கொண்ட ஓவியர்' என்று பழங்குடி முதியவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் போடுவார்கள். பெரும்பாலும் அது பொய். பாலைவனத்துப் பெரியவர்கள் மணலில் வரைந்தும், சடங்குக்காக உடம்பில் எழுதியும் அறுபது எழுபது வருடம் பயிற்சி எடுத்தவர்கள். கற்பித்தவர்கள் இருந்தார்கள், தப்பாக வரைந்தால் திருத்த ஆட்கள் இருந்தார்கள். கலைக்கல்லூரிச் சான்றிதழ் இல்லை என்பதற்காக அதைத் தானே கற்றது என்று சொல்வது, வீட்டில் பாட்டியிடம் பாட்டு கற்றவரைக் கேள்விஞானம் என்று ஒதுக்குவதைப் போன்றது. நாம் எல்லோரும் அடையாளமாக வைத்திருக்கும் அந்தப் புள்ளி ஓவியமும் 1971இல் பாப்புன்யா என்ற பாலைவன ஊரில், பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் வண்ணங்களை எடுத்துக்கொடுக்க, அந்த ஊர்ப் பெரியவர்கள் பழைய மணற்கோலங்களைப் பலகைக்குக் கொண்டுவந்ததில் பிறந்தது. அதன் வேர் அங்கேயே இருந்தது.

சாலி விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை. கையாடில்ட் மக்களுக்குப் பாறை ஓவியம், மரப்பட்டை ஓவியம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மார்னிங்டனின் லார்டில் ஆண்கள் அதற்கு முன்பே மரப்பட்டையில் வரைந்து புகழ் பெற்றிருந்தார்கள், ஆனால் அவர்களுடைய கதைகள் வேறு, அந்தக் குறியீடுகளை எடுத்தாள இவருக்கு உரிமை இல்லை. ஆக, எண்பது வயதில், முன்னோடி என்று ஒருவரும் இல்லாமல், பார்த்து எழுத ஒரு கோடும் இல்லாமல் உட்கார்ந்தார். அதே வருடத்திலேயே பிரிஸ்பேனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது.

முதல் ஓவியங்களில் சின்னச் சின்ன வட்டங்கள் நெருக்கமாக வருகின்றன. மீன்கூட்டம். பிறகு வளைகோடுகள். கல்வேலி. வட்டங்கள் சீக்கிரமே போய்விட்டன, கோடுகள் தடித்தன, துணி பெரிதாகிக்கொண்டே போய் ஆறு மீட்டரைத் தொட்டது. எதை வைத்துக்கொண்டு வரைந்தார் என்று பார்த்தால் நாலைந்து இடங்கள்தான். பிறந்த ஓடை மிர்டிடிங்கி. அப்பாவின் ஊர் துந்தி. அண்ணன் ஆல்ஃபிரட்டின் ஆறு மகார்கி. அல்லிக்குளம் உள்ள ஞிஞில்கி. எல்லாவற்றையும்விட அதிகமாக, கணவரின் நாடான திபிர்திபி. திபிர்திபி என்பது பாறைகளுக்கிடையில் வாழும் பெரிய மீன், களவா வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதியில் அந்த மீன் மூதாதை நீந்திய வழிதான் தீவுகளுக்கிடையிலான கால்வாய்கள் என்பது அவர்கள் கதை. அதைப் பிடித்துத் தின்றபோது ஈரலை எறிந்த இடத்தில், எதிரே இருக்கும் ஸ்வியர்ஸ் தீவில், வற்றாத நன்னீர் ஊற்று வந்தது.

அதனால் 'அரூப ஓவியம்' என்று விளக்க அட்டைகள் சொல்லும்போது எனக்குச் சற்றே கோபம் வருகிறது. அரூபம் யாருக்கு? எனக்கு. அங்கே நடந்திராத எனக்கு. அவருக்கு அது சேற்றுத்தட்டு, உப்பளம், ஓதம் வற்றியபின் வெயிலில் வெள்ளையாய்ப் பொரியும் மணல். தபால்காரர் தெருப் பெயரைப் படிப்பதுபோல் அவர் படித்திருப்பார். அமெரிக்க ஓவியர்களோடு ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒப்பிடுவதில் தப்பில்லை, அவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆனால் கதவு திறந்ததும் அந்தப் பிடியை விட்டுவிட வேண்டும்.

நான் விட்டது அவருடைய மொழியின் வழியாக. இலக்கணப் பைத்தியம் உள்ளவர்கள் மட்டும் இந்தப் பத்திகளைப் படித்தால் போதும், மற்றவர்கள் கீழே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்று நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். கையாடில்ட் மொழியில் காட்டும். யகுரி என்றால் மீன். மீனைப் பிடித்தாயிற்று என்றால் வினை மட்டும் இறந்தகாலத்துக்குப் போனால் போதாது, மீனும் போக வேண்டும்: யகுரின. இனிப் பிடிக்கப் போகிறேன் என்றால் யகுரிவு. தூண்டிலில் விழுமுன்பே மீன் எதிர்காலத்தில் நீந்துகிறது. வேற்றுமை உருபுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம், கல்வேலி அடுக்குவதுபோல. மொழியியலாளர் நிக்கோலஸ் எவன்ஸ் 1980களில் அங்கே போய் உட்கார்ந்து முழு இலக்கணம் எழுதிய பிறகு, உலகத்து மொழியியல் வகுப்புகளில் இந்தச் சின்னஞ்சிறு மொழி பெரிய பெயராகிவிட்டது. 2005இல், சாலி தூரிகை எடுத்த வருடத்தில், அதைச் சரளமாகப் பேசியவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

இன்னொன்று: இவர்கள் பேச்சில் இடம் வலம் என்று சொல்வதில்லை, திசைதான். கிழக்கே தள்ளி உட்கார், உன் தெற்கில் இருக்கும் குவளையை எடு. எங்கள் ஊரில் என் அப்பத்தா இப்படித்தான் பேசுவார். அடுப்புக்கு மேற்கே புளிப்பானை, அதற்கு வடக்கே உப்பு. பட்டணத்து மருமகள்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அப்பத்தாவின் தலைக்குள் ஒரு திசைமானி எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. சாலியின் ஓவியத்தில் கறுப்புத் திட்டு ஏன் அந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால், அழகுக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(இதைச் சொன்னதும் சிலர் குமரிக்கண்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். அந்த மொழியில் 'நீ' என்பதற்கு 'ஞிங்க' என்று வேறு இருக்கிறது, கேட்கவே வேண்டாம். தற்செயல் ஒற்றுமை. அவர்கள் மொழியின் உறவுக்காரர்கள் அதே வளைகுடாவில் இருக்கிறார்கள். நம் உறவு கொண்டாடல் இல்லாமலேயே அவர்களுக்குப் போதுமான தொல்லைகள் நேர்ந்துவிட்டன.)

சாலியின் கணவர் பாட் கபோரி அந்த இலக்கணம் எழுதப்படக் காரணமாக இருந்த ஆசான்களில் ஒருவர். பார்வை இழந்தவர். கடலின் மேல் தங்கள் மக்களுக்கு உரிமை உண்டு என்று வெல்லெஸ்லித் தீவு மக்கள் தொடுத்த வழக்கில் தன் தாய்மொழியிலேயே சாட்சி சொன்னவர். 2004இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த உரிமையை ஒரு வரம்புக்குள் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் சாலி வரையத் தொடங்கி, திரும்பத் திரும்ப அவருடைய நாட்டைத்தான் வரைந்தார். பார்க்க முடியாத கணவரின் நிலத்தை மனைவி வரைகிறார் என்று இதில் காவியம் செய்துவிடலாம், செய்ய எனக்கு விருப்பமில்லை. கட்டிய இடத்தின் மண்ணும் நீரும் அவருக்கு அத்துப்படி, வரைந்தார். அவ்வளவே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2012இல் பிரிஸ்பேனில் புது நீதிமன்ற வளாகம் திறந்தார்கள். வெளிச்சுவரில் ஜப்பானின் யாயோய் குசாமா வரைந்த கண்கள் வரிசையாக விழித்துக்கொண்டிருக்கும். உள்ளே சாலியின் திபிர்திபி நாடு. வழக்கு நடந்த நீதிமன்றம் வேறு, இது மாநிலத்தினுடையது. இருந்தாலும் ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம், வாய்மொழியாகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்த ஒரு நிலம் இப்போது நீதிமன்றத்தில் சாட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சாலி தொடங்கியதும் மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வயதை ஒட்டியவர்கள், அடுத்த தலைமுறையினர், எல்லோரும் சொந்தம். 2007இல் ஏழு பெண்கள் ஒரே துணியில் வரைந்தார்கள். 'துல்க வார்ஙீத்': எல்லோருடைய நிலம். 195 சென்டிமீட்டர் உயரம், 610 சென்டிமீட்டர் நீளம். இப்போது மெல்பர்னில், விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தை வரைந்து, பக்கத்துக்காரியின் இடத்தைத் தொட்டதும் நிறுத்தியிருக்கிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று சேரவே சேராதவை. மஞ்சளும் கத்தரிப்பூவும் முட்டிக்கொள்கின்றன. எல்லை எங்கே என்று பார்த்தால் தெரியும், சண்டை இல்லை. நம் கிராமத்து நத்தம் கணக்கில் இப்படி ஒரு வரைபடம் இருந்திருந்தால் எத்தனை வக்கீல்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்!

அதன்பின் நடந்தவை எல்லோருக்கும் நடப்பவை: பரிசுகள், விமான நிலையச் சுவர், ஏலம். 2022இல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளை பெரிய கண்காட்சி நடத்தியது, மறுவருடம் மிலானுக்குப் போனது. பாரிஸ்காரர்கள் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கியவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள்.

கடைசி வருடங்களின் ஓவியங்களில் வெள்ளை பெருகிவிடுகிறது. சிவப்பும் நீலமும் அடியில் மங்கலாகத் தெரிய, மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை இழுப்புகள். கை நடுங்கியது தெரிகிறது. இழுப்பு குட்டையாகி, நடுவில் உடைந்து, மறுபடி தொடங்குகிறது. திசை மட்டும் மாறவில்லை.

போன மாதம் வகுப்பில் ங வந்தது. சங்குப் படத்தை மூடிவைத்துவிட்டுப் பலகையில் மிர்டிடிங்கிஙதி என்று எழுதினேன். நல்ல தமிழ் எழுத்துகள், அதனால் ஆங்கிலச் செய்தி வாசிப்பவர்கள் தடுக்கி விழும் பெயரைப் பிள்ளைகள் இரண்டாவது தடவையிலேயே சொல்லிவிட்டார்கள். பொருளைச் சொன்னதும் விளையாட்டு தொடங்கிவிட்டது. "நான் லோகன்ஙதி!" "நான் சிட்னிஙதி!" "டீச்சர், நான் விமானத்திலே பிறந்திருந்தால்?" ஒருத்தன் மருத்துவமனையின் பெயரோடு ஙதியைச் சேர்த்தான், வகுப்பே சிரித்தது.

பின் வரிசையில் பேத்தியைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வழக்கமாக வாய் திறக்க மாட்டார், குடையை மடியில் வைத்துக்கொண்டு பாடத்தைக் கேட்பார். அவருடைய ஊரை 1990இல் ஒரே நாளில் காலி செய்ய வேண்டியிருந்தது, பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய் இருபத்தேழு வருடம் கழித்துத்தான் கரையைத் திறந்துவிட்டார்கள் என்று அவர் மகள் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். பேத்தி திரும்பிப் பார்த்து, "அம்மம்மா மயிலிட்டிஙதி!" என்று கத்தினாள்.

அம்மம்மா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. எழுந்து பலகைக்கு வந்தார், என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கிக்கொண்டார்.

"மயிலிட்டி இல்லை, டீச்சர்" என்றார். "மயிலிட்டித்துறை வடக்கு."

எழுதிவிட்டு, 'வடக்கு' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்தார்.